சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கும் இரத்த அழுத்தம்: அளந்ததில் பிழையா, குடலின் வேலையா?

பயிற்சிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. காலையில் உயிர்க்குறிகள் பாடம்: உடல் வெப்பம், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம். மதியம் சீரண மண்டலம். இரண்டுக்கும் தனித்தனி நோட்டு, தனித்தனி ஆசிரியர், தனித்தனித் தேர்வு. ஒன்றுக்கு மற்றொன்றோடு உறவு உண்டு என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

வீட்டில் தாத்தாவுக்கு 79 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கை பழகட்டும் என்று அவருக்குத் தினமும் அளந்து பார்க்கிறேன். சென்ற செவ்வாயன்று மதிய உணவுக்கு முன் 142/84, நாடி 72. சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "கண்ணை இருட்டுகிறது" என்றார். உட்காரவைத்து அளந்தேன்: 114/66, நாடி 76. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. மறுநாளும் அதே நேரத்தில் அளந்தேன். 140 இருந்தது 116 ஆகியிருந்தது.

வகுப்பில் கேட்டேன். "பட்டையைச் சரியாகக் கட்டத் தெரியவில்லை, போய்ப் பழகு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். என் கையில்தான் பிழை என்றால் திருத்திக்கொள்ளத் தயார். ஆனால் தாத்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது உண்மை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். 31 ஆண்டுகள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் ஆசிரியர் சொன்னது பாதி சரி. எண் விநோதமாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கையைத்தான். ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்காமல் விட்டதுதான் தவறு. நாம் சோதிப்போம்.

அளப்பதற்கு முன் தாத்தா ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தாரா? முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்ததா? கால்மேல் கால் போட்டிருந்தாரா? சிறுநீர் முட்டிக்கொண்டிருந்ததா? கை எங்கே இருந்தது? கடைசிக் கேள்விதான் பலரை ஏமாற்றும். பட்டை கட்டிய இடம் நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால் ஏழெட்டுப் புள்ளிகள் கூடுதலாகக் காட்டும், மேலே தூக்கினால் அதே அளவு குறைத்துக் காட்டும். பட்டை சிறிதாக இருந்தாலும் கூடுதலாகக் காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை, புயத்தின் சுற்றளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். சட்டைக் கைக்கு மேல் கட்டாதீர்கள்.

நீங்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு அளப்பவரா, தானியங்கிக் கருவியா? கேட்டு அளப்பவர் என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. சில முதியவர்களுக்கு ஒலி ஆரம்பித்து, நடுவில் அடங்கிப்போய், மறுபடி கேட்கும். அந்த மௌனத்தில் நாம் பட்டையை ஊதி நிறுத்திவிட்டால், உண்மையில் 160 இருப்பவருக்கு 130 என்று எழுதிவிடுவோம். அதனால்தான் பழைய ஆட்கள் முதலில் மணிக்கட்டு நாடியில் விரலை வைத்துக்கொண்டு ஊதுவோம். நாடி மறையும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் 30 ஏற்றிவிட்டு, பிறகு நொடிக்கு இரண்டு மூன்று புள்ளிகளாக இறக்குவோம். மெல்லிய "டப்" ஒன்று கேட்கும், அது மேல் எண். ஒலி தடித்து, மந்தமாகி, பஞ்சுக்குள் அமுங்கியதுபோல் ஆகி, முற்றிலும் அற்றுப்போகும் இடம் கீழ் எண். அவசரப்பட்டு மளமளவென்று காற்றை இறக்கினால் இரண்டுமே பிசகும்.

இவற்றைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிறகு குடலுக்கு வருவோம்.

---

பயிற்சிக்காரி எழுதியது:

அக்கா, நன்றி. ஸ்டெதாஸ்கோப்தான். நாடியில் விரல் வைத்து ஊதும் முறையை இன்றுதான் கற்றுக்கொண்டேன். பட்டை அளவு சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு பிழை கண்டுபிடித்துவிட்டேன். சாப்பாட்டுக்கு முன் அளக்கும்போது தாத்தா கையை மடியில் வைத்திருந்தார். சாப்பிட்ட பிறகு மேசைமேல் வைத்திருந்தார். இன்று இரண்டு முறையும் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை அளந்தேன். முன்: 136/80, 134/80. பின்: 112/66, 112/64. வேறுபாடு கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

---

நீலவானம் எழுதியது:

இது எல்லோருக்கும் நடப்பதுதானே? சாப்பிட்டவுடன் மூளையில் இருக்கும் இரத்தமெல்லாம் வயிற்றுக்கு இறங்கிவிடுகிறது, அதனால்தான் தூக்கம் வருகிறது என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். வயதானவருக்கு அது கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

---

உயிரியல் வாத்தியார் எழுதியது:

நீலவானம், நீங்கள் சொன்னதில் ஒரு பகுதி மெய், ஒரு பகுதி தலைமுறை தலைமுறையாக வந்த தவறு. பிரித்துப் பார்ப்போம்.

ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் ஏறத்தாழ கால் பங்கு இரைப்பை, குடல், கல்லீரல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றுக்குப் போகிறது. சாப்பிட்டதும் குடலுக்குப் போகும் ஓட்டம் இரண்டு மடங்காகக்கூட ஆகலாம். இது மெய். ஆனால் அந்தக் கூடுதல் இரத்தம் மூளையிலிருந்து எடுக்கப்படுவதில்லை. மூளைக்குப் போகும் குழாய்கள் தம் விட்டத்தைத் தாமே மாற்றிக்கொண்டு ஓட்டத்தை நிலையாக வைத்துக்கொள்கின்றன. குடலின் செலவை ஈடுகட்டுபவை வேறு: இதயம் கொஞ்சம் வேகமாகவும் அழுத்தமாகவும் துடிக்கிறது, கைகால் தசைகளின் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. ஆரோக்கியமான இளைஞனுக்கு இரத்த அழுத்தம் மாறியதே தெரியாது. உண்ட மயக்கத்துக்குக் குடல் சுரக்கும் இயக்குநீர்கள், நரம்புச் செய்திகள், நாளின் அந்த வேளை எனப் பல காரணங்கள் உண்டு.

ஏன் குடலுக்கு இவ்வளவு இரத்தம்? இதை வகுப்பில் சொல்லாமல் "வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல்" என்று ஊர்ப்பெயர்களைப்போல ஒப்பிக்க வைக்கிறோம், எனக்கு அதில் வருத்தம் உண்டு. சீரணம் என்பது உணவு உடைவது மட்டுமன்று. தண்ணீரின் பெரும் கொடுக்கல் வாங்கலும் அதில் இருக்கிறது. நாம் ஒரு நாளில் குடிப்பதும் உண்பதுமாகச் சேரும் நீர் சுமார் 2 லிட்டர். அதன்மேல் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர், குடற்சாறு என்று உடலே சுமார் 7 லிட்டரைக் குழாய்க்குள் ஊற்றுகிறது. இந்த ஏழு லிட்டரும் இரத்தத்திலிருந்து வருகிறது. உடலில் ஓடும் மொத்த இரத்தமே சுமார் 5 லிட்டர்தான்! ஊற்றியதையெல்லாம் சிறுகுடலும் பெருங்குடலும் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே.

இரைப்பை தன் கூழை ஒரேயடியாகக் கீழே தள்ளுவதில்லை. தன் கீழ்வாசலைக் கொஞ்சமாகத் திறந்து பீய்ச்சுகிறது. முன்சிறுகுடல் அந்தப் புளிப்பை உணர்ந்து, செக்ரடின் என்ற செய்தியை இரத்தத்தில் அனுப்புகிறது. கணையம் காரநீரை விடுகிறது. 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் கண்டுபிடித்த செய்தி இது. இப்படி இரத்தத்தில் போகும் செய்திகளுக்கு ஸ்டார்லிங் 1905இல் 'ஹார்மோன்' என்ற சொல்லை வழங்கினார். இரவுப்பணி அம்மையார் விவரித்தாரே அந்த "டப்" ஒலி, அதை ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் அறிவித்ததும் அதே 1905இல்தான். இந்த இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பதை நான் மாணவர்களிடம் சொல்லாமல் விடுவதில்லை.

இரைப்பை வேகமாகக் காலியாகிச் சர்க்கரைச் சத்து சிறுகுடலில் சட்டென்று குவிந்தால், குடலின் இரத்தக்குழாய்கள் அதிகமாக விரிகின்றன. உள்ளே டென்னிஸ் ஆடுகளம் அளவுக்குப் பரப்பு இருக்கிறதே, அத்தனைக்கும் இரத்தம் வேண்டும்.

---

மூன்றாம் ஆண்டு எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு சிறு திருத்தம். டென்னிஸ் ஆடுகளக் கணக்கு பழையது. 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து, வாயிலிருந்து ஆசனவாய் வரை மொத்தப் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர்தான் என்று சொன்னார்கள். ஒரு பெரிய அறையின் தரை அளவு.

இப்போது தங்கையின் தாத்தாவுக்கு வருகிறேன். நான் மருத்துவ மாணவன். மருத்துவர் அல்லன், இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதற்கு உணவுக்குப் பிந்தைய தாழழுத்தம் என்று பெயர். பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் அடிமட்டத்தைத் தொடும். முதியவர்களிடமும், நீரிழிவு உள்ளவர்களிடமும், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடமும் அதிகம். அவரவர் வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வருபவர்களில் சிலருக்கு இதுதான் காரணமாக இருக்கும். ஆனால் மருத்துவமனையில் அளக்கும் நேரம் சாப்பாட்டு நேரத்தோடு பொருந்தாததால் தப்பிவிடும்.

நீங்கள் குறித்த எண்களில் என்னைத் தைத்தது 142உம் 114உம் அல்ல. நாடி 72இலிருந்து 76 ஆனதுதான். அழுத்தம் இவ்வளவு இறங்கும்போது இளம் உடலாக இருந்தால் நாடி துள்ளி ஏறியிருக்கும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அவைதான் "வேகப்படுத்து" என்று இதயத்துக்குச் சொல்கின்றன. வயதில் அந்தக் குரல் மங்கிவிடுகிறது. சில மாத்திரைகளும் நாடியை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். எந்த மாத்திரை, எந்த நேரத்தில் போடுகிறார் என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு வாரம் எழுதிவையுங்கள்: உணவுக்கு முன், பின் 30, 60, 90, 120 நிமிடங்களில். என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாள் எந்த வாதத்தையும்விட வலுவானது.

---

தனிவழி எழுதியது:

இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். எழுதிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்கு முழங்கால் வலி. வலி மாத்திரையைத் தாமாகவே வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார், எங்களுக்குத் தெரியாது. ஒரு காலையில் சோர்வாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். அழைத்துப்போனோம். இரத்த அழுத்தம் 124/78. "பிரஷர் நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, வீட்டில் படுத்து ஓய்வெடுக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். தாளில் நாடி 118 என்று எழுதியிருந்தது. எழுதியவரும் அதைப் பார்க்கவில்லை, வாங்கி மடித்துவைத்த நானும் பார்க்கவில்லை.

மாலையில் கழிவறையிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. கையைப் பிடித்தேன், குளிர்ந்து வேர்த்திருந்தது. மலம் தார்போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. அந்த வாடையை இன்றும் மறக்க முடியவில்லை. இரண்டாவது மருத்துவமனையில் அளந்தபோது 86/50. இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு. உள்நோக்கிக் கருவியை விட்டு அடைத்தார்கள், நான்கு பை இரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

தங்கையே, உங்கள் இரண்டு நோட்டுகளும் எங்கே சேர்கின்றன என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கழிவறை வாசலில் சேர்ந்தன. காலையில் அந்த 118ஐ ஒருவர் பார்த்திருந்தால் போதும்.

---

இரவுப்பணி எழுதியது:

தனிவழி, எழுதியதற்கு நன்றி. படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

இதை எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இரத்தம் கசியும்போது முதலில் பேசுவது நாடி. இரத்த அழுத்தம் கடைசியில் பேசும். உடல் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரட்டி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தாங்கும் வரை தாங்கிவிட்டு ஒரேயடியாகச் சரிகிறது. இளைஞர்களுக்கு உடலின் இரத்தத்தில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு போன பிறகும் படுத்த நிலையில் மேல் எண் இயல்பாகவே இருக்கலாம். ஆகவே 120/80 என்பதைக் கண்டு நிம்மதி அடைவதற்கு முன், அந்த 120ஐத் தக்கவைக்க இதயம் என்ன விலை கொடுக்கிறது என்று பாருங்கள். விலை நாடியில் எழுதியிருக்கும்.

சந்தேகம் இருந்தால் படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து அளந்து, பிறகு நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலோ, நாடி 30க்கு மேல் ஏறினாலோ கவனிக்க வேண்டியது. எழுந்ததும் மயங்குபவரை நிற்கவைத்துப் பரிசோதிக்கப் பிடிவாதம் பிடிக்காதீர்கள், அதுவே விடை. கறுப்பு மலம் என்றால் எல்லாமே இரத்தம் என்று பதறவும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். ஆனால் அது தார்போல் ஒட்டாது, அந்த வாடையும் வராது. கறுப்போடு சோர்வும் வேகமான நாடியும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான்கு குறிகளில் மிக அதிகமாகப் பொய் எழுதப்படுவது மூச்சு எண்ணிக்கைதான். எந்தத் தாளை எடுத்தாலும் 18, 18, 20, 18. எண்ணாமலே எழுதியது பார்த்தாலே தெரியும். "மூச்சை எண்ணப்போகிறேன்" என்று சொன்னால் நோயாளி தன்னை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்க்கிற பாவனையில் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருங்கள். நாடி எண்ணி முடிந்ததும் விரலை எடுக்காமல் கண்ணை மட்டும் மார்புக்குக் கொண்டுபோங்கள். முழு ஒரு நிமிடம். வளர்ந்தவருக்கு 12 முதல் 20. வயிற்றில் அழற்சி இருந்தால் வயிறு அசையாமல் மேலோட்டமாக, வேகமாக மூச்சு ஓடும். வலிக்கிற வயிற்றை யாரும் ஆட்ட விரும்புவதில்லையே. நாடி பார்க்கக் கட்டைவிரலை வைக்காதீர்கள். அதிலேயே துடிப்பு உண்டு, உங்கள் நாடியை எண்ணி அவர் பெயரில் எழுதிவிடுவீர்கள்.

---

அமைதி எழுதியது:

அக்கா, காய்ச்சலையும் கேட்டுவிடுகிறேன். என் மகளுக்கு ஐந்து வயது. வயிற்றுப்போக்கு வந்தால் நான் வெப்பமானியைத்தான் திரும்பத் திரும்ப வைக்கிறேன். 37.2 இருந்தால் நிம்மதியாகிவிடுகிறேன். அது சரியா?

---

இரவுப்பணி எழுதியது:

முழுக்கச் சரியில்லை, அம்மா. வயிற்றுப்போக்கில் குழந்தையை வீழ்த்துவது பெரும்பாலும் நீரிழப்பு. வெப்பமானி அதைக் காட்டாது. கடைசியாக எப்போது சிறுநீர் போனாள், அழும்போது கண்ணீர் வருகிறதா, நாக்கு உலர்ந்திருக்கிறதா, கண் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமமாகிறதா, மெல்லத்தான் சமமாகிறதா? விரல் நுனியை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? துவண்டு கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனை.

வெப்பமானியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அக்குளில் வைப்பது வாயில் வைப்பதைவிடச் சுமார் அரை டிகிரி குறைத்துக் காட்டும். சூடாகவோ குளிராகவோ குடித்தால் கால் மணி நேரமாவது கழித்து வாயில் வையுங்கள். விடியற்காலையில் உடல் வெப்பம் மிகக் குறைவு, மாலையில் மிக அதிகம். ஆகவே எந்த இடத்தில், எந்த நேரத்தில் அளந்தது என்பதையும் எழுதுங்கள்.

காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி ஏறத்தாழ 10 கூடும். இந்தக் கணக்கு பொருந்தாமல், கடும் காய்ச்சலிலும் நாடி மந்தமாக இருந்தால் டைபாய்டாக இருக்குமோ என்று அந்தக் கால மருத்துவர்கள் யோசிப்பார்கள். எல்லா டைபாய்டிலும் அப்படி இருக்காது. ஆனால் அதுவும் குடல் வழியாக நுழையும் நோய்தான் என்பதைக் கவனியுங்கள்.

---

உயிரியல் வாத்தியார் எழுதியது:

நீரிழப்பு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வயிற்றுப்போக்கில் நான் முன்பு சொன்ன 7 லிட்டர் கொடுக்கல் வாங்கல் முறிந்துபோகிறது. ஊற்றுவது நடக்கிறது, திரும்ப உறிஞ்சுவது நடப்பதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தாலும், வெறும் உப்புநீர் கொடுத்தாலும் போதிய அளவு ஏறாது. ஆனால் குடற்சுவரின் உயிரணுக்களில் ஒரு வாசல் உண்டு, சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். நோய்க்கிருமி மற்ற வாசல்களைக் குலைத்தாலும் இந்த வாசல் பெரும்பாலும் தப்பித்து வேலை செய்கிறது. இதை 1960இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் இன்று லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல், சரிக்குச் சரி. அந்த அளவு காரணமில்லாமல் வைத்ததன்று. பாக்கெட்டில் எழுதிய அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். குழந்தைக்குப் பிடிக்கட்டும் என்று கூடுதல் சர்க்கரை போட்டால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கை அதிகமாக்கும்.

---

நீலவானம் எழுதியது:

மூளை இரத்தம் பற்றி நான் எழுதியது தவறு என்று புரிந்தது. நன்றி ஐயா. ஒரு சந்தேகம்: இரைப்பைக்குள் வெப்பம் எவ்வளவு இருக்கும்? நாம் அளப்பது வாயிலும் அக்குளிலும்தானே. உள்ளே யாராவது அளந்திருக்கிறார்களா?

---

உயிரியல் வாத்தியார் எழுதியது:

அளந்திருக்கிறார்கள், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே. 1822 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் கூலியாள் மீது, மிக அருகிலிருந்து தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. பிழைக்க மாட்டான் என்று நினைத்தார்கள். ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் பிழைக்கவைத்தார். ஆனால் காயம் ஆறியபோது இரைப்பையின் விளிம்பு தோலோடு ஒட்டி, வெளியிலிருந்து உள்ளே பார்க்கக்கூடிய துவாரம் ஒன்று நிலைத்துவிட்டது. போமான்ட் பட்டுநூலில் உணவைக் கட்டி உள்ளே இறக்கினார், மணிக்கொரு தடவை இழுத்துப் பார்த்தார். வெப்பமானியை உள்ளே விட்டு அளந்தார்: ஏறத்தாழ 100 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸுக்குச் சற்றுக் குறைவு. இரைப்பைச் சாற்றைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, அதே வெப்பத்தில் வைத்தால் உடலுக்கு வெளியிலும் இறைச்சி கரைவதைக் காட்டினார். காய்ச்சல் வந்தபோது இரைப்பையின் உட்புறம் சிவந்து வறண்டு, சாறு வற்றியிருந்ததையும் கண்ணால் பார்த்து எழுதினார். காய்ச்சலில் ஏன் சாப்பாடு இறங்குவதில்லை என்பதற்கு நேரடிச் சாட்சி அது. 1833இல் அனைத்தையும் நூலாக வெளியிட்டார்.

செயின்ட் மார்ட்டினை நினைத்தால் எனக்கு வேதனைதான். ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவர். வயிற்றில் நூலோடு மணிக்கணக்கில் இருந்தவர். ஓடிப்போயும் இருக்கிறார். பாடப்புத்தகத்தில் மருத்துவர் பெயர் மட்டும் வருகிறது. நான் வகுப்பில் இருவர் பெயரையும் எழுதுவேன்.

---

மூன்றாம் ஆண்டு எழுதியது:

சுருக்கமாக ஒரு எச்சரிக்கை. மேல்வயிற்றில் எரிச்சல், அழுத்தம், குமட்டல், வாயு என்று சொல்பவர் எல்லோருக்கும் சீரணக் கோளாறு என்று முடிவு செய்யாதீர்கள். இதயத்தின் கீழ்ப்பகுதியில் அடைப்பு வந்தாலும் வலி அங்கேயே தெரியலாம். நீரிழிவு உள்ளவர்களிடமும் பெண்களிடமும் முதியவர்களிடமும் இது அடிக்கடி ஏமாற்றும். குளிர்ந்த வேர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, நாடி மிக மெதுவாகவோ ஒழுங்கற்றோ ஓடுதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அமிலத்தைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே இதயத் துடிப்பு வரைபடம் எடுக்க வேண்டும்.

---

பயிற்சிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது நாட்களுக்குப் பிறகு வருகிறேன்.

ஏழு நாள் எழுதினேன். ஐந்து நாட்களில் மேல் எண் 20க்கு மேல் இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் 60ஆம் நிமிடத்தில்தான் மிகக் குறைவு. 120ஆம் நிமிடத்தில் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. இறங்காத இரண்டு நாட்களும் தாத்தா பசியில்லை என்று பாதி சாப்பிட்ட நாட்கள். எழுதியிருக்காவிட்டால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

மருத்துவர் தாளை வாங்கி முழுவதையும் படித்தார். என்னென்ன மாத்திரை, எந்த நேரம் என்று கேட்டார். மதிய உணவை ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாத்திரையை இரவுக்கு மாற்றினார். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து சிறு வேளைகளாகப் பிரிக்கச் சொன்னார். தாத்தாவுக்கு இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இல்லை என்பதால் சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரிய குவளை தண்ணீர் குடிக்கலாம் என்றார். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் திடீரென்று எழுந்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார். சர்க்கரை அளவுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார், அது இயல்பாக வந்தது.

தனிவழி அண்ணா, உங்கள் பதிவைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். எதுவும் சொல்லாமல் உள்ளே போய், முழங்காலுக்கென்று தலையணைக்கடியில் வைத்திருந்த வலி மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதையும் மருத்துவரிடம் காட்டினோம், நிறுத்தச் சொல்லிவிட்டார்.

---

தனிவழி எழுதியது:

இதைப் படித்ததும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுதுவிட்டார். தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

நல்ல வேலை செய்தீர்கள் தங்கையே. ஒன்று மட்டும் பாக்கி. உட்கார்ந்த அளவு மட்டும் சரியானால் போதாது, அவர் கண் இருட்டியது எழுந்து நின்றபோதுதான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, நிற்கவைத்து அளந்து எழுதுங்கள்.

---

பயிற்சிக்காரி எழுதியது:

இன்று மதியம் அளந்தேன் அக்கா. அப்பா பக்கத்தில் நின்றார். சாப்பிட்டு 60ஆம் நிமிடம், உட்கார்ந்து: 126/74, நாடி 74. நின்று ஒரு நிமிடத்தில்: 118/72, நாடி 80. மூன்றாம் நிமிடத்தில்: 122/74, நாடி 78. மூச்சு 16, முழு நிமிடம் எண்ணியது.

பட்டையைக் கழற்றியதும் தாத்தா நடந்து வெளியே போனார். கதவு நிலையைப் பிடிக்கவில்லை.